விதண்டாவாதிக்கு 143 பதில்கள்

கேள்வி: செடி வளர்ப்பவர்களுக்காக ஓர் இணையக் குழு நடத்துகிறேன். 300 பேர் இருக்கிறோம். ஒருவர் மட்டும், யார் எதைக் கேட்டாலும் 'வேலையற்றவர்களின் வேலை' என்று எழுதுகிறார். பதில் சொன்னால் இன்னும் சீண்டுகிறார். நீக்கினால் 'கருத்துச் சுதந்திரம் இல்லாத குழு' என்று ஊரெல்லாம் சொல்வாரோ என்று தயக்கம்.

பதில்: சொல்லத்தான் செய்வார். சொல்லட்டும்.

அதே தயக்கத்தில் நானும் ஒரு காலத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கான குழு ஒன்றை நடத்துகிறேன். ஓர் இரவு ஒருவர் எழுதினார்: 'கையில் செல்பேசி இருக்க, இந்தத் தகர டப்பாக்களைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்?' எனக்குச் சுருக்கென்றது. ஃபிலிமின் அருமை பெருமைகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிப் போட்டேன். அவர் ஒற்றை வரியில் சிரித்தார். மறுபடி எழுதினேன். மற்றவர்களும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். காலையில் எண்ணிப் பார்த்தால் 143 பதில்கள். அவற்றில் அவருடையவை 9, என்னுடையவை 31. இடையில் எங்கோ, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தன் கேமராவின் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். ஷட்டர் இதழ்களில் பழைய எண்ணெய் கசிந்து கெட்டிப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதுதான் காரணம். இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் குழுவில் இல்லை.

அந்த மனிதரின் 9 பதில்களை எப்போதோ மன்னித்துவிட்டேன். என்னுடைய 31 இன்னும் உறுத்துகிறது.

இப்படிச் சீண்டுபவர்களை ட்ரோல் என்கிறார்கள். பூதத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெல்லப் போவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். எனக்கு இரண்டாவது பொருள் பிடித்திருக்கிறது. கொக்கியைக் கடிப்பது நாம் அல்லவா? நம்மிடம் இதைவிடத் துல்லியமான சொல் இருக்கிறது. பழைய இந்தியத் தர்க்க மரபான நியாய தத்துவத்தில் விவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைத் தேடுவது வாதம். எப்படியாவது வெல்லப் பார்ப்பது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே விதண்டை. ஆகவே அவரிடம் ஒரே ஒரு முறை, 'நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னால் அவர் வாய்த்துடுக்கான மனிதர், அவ்வளவுதான்; வைத்துக்கொள்ளலாம். மறுபடியும் நக்கல் வந்தால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று தனிச்செய்தியில் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த முறை ஒரு வாரம் எழுத விடாதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெளியே அனுப்பிவிட்டு, குழுவில் ஒரு வரி அறிவிப்பு. விளக்கவுரை எழுத உட்கார்ந்தீர்களோ, அடுத்த 143 தொடங்கிவிடும்.

முதல் முறையே வெளியேற்றாதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனநிலை கெட்டிருக்கும்போது, ஏற்கெனவே வசை நிறைந்த ஓர் உரையாடலுக்குள் நுழைந்தால், சாதாரண மனிதர்களும் அதே பாணியில் எழுதத் தொடங்குகிறார்கள். வசையை உடனே அகற்ற வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என் கதைதான்.

கேள்வி: எங்கள் குழுவில் வம்புக்காரர்கள் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். ஆனால் வாழ்த்துப் படம், அரசியல் செய்தி, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு என்று குழுவின் பொருளைத் தவிர எல்லாம் வருகிறது.

பதில்: வம்புக்காரரை வெளியே அனுப்பலாம், நல்லவரை என்ன செய்வது? என் குழுவில் தடம் மாற்றுபவர்கள் பெரும்பாலும் முதல் நாள் முதல் இருக்கும் நண்பர்கள். அவர்களுக்குக் குழு ஒரு திண்ணை. பேச ஆள் வேண்டும். எனவே 'அரட்டை' என்று பக்கத்திலேயே இரண்டாவது குழு தொடங்கினேன். இடம் மாறி வந்த பதிவைக் கண்டால் 'அங்கே போடுங்களேன்' என்று தனியாகச் சொல்வேன், சபையில் சொல்வதில்லை. ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார், நான்கு நாள்.

விதிகளை எழுதி மேலே பொருத்தி வையுங்கள், ஐந்து வரிக்கு மிகாமல். ரெட்டிட் தளத்தின் அறிவியல் குழுவில் நடந்த சோதனை ஒன்று 2019-இல் வெளியானது. விவாதத்தின் உச்சியிலேயே விதிகளைக் காட்டியபோது, விதிப்படி எழுதும் புதியவர்களின் விகிதம் 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி போட்டால் ஆட்கள் மிரண்டு ஓடுவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு இது வியப்பு. விவாதம் சூடேறும் நாளில் டெலிகிராமில் 'மெது' வசதியைப் பயன்படுத்தலாம். ஒருவர் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே சில விநாடி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சீண்டுபவருக்கு நகைச்சுவையாகப் பதிலடி கொடுத்தால் என்ன?

பதில்: அருமையாக இருக்கும். அவருக்கும் அதுதான் வேண்டும்.

கேள்வி: நீக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வந்துவிடுகிறாரே?

பதில்: வருவார்கள். சேர்வதற்கு அட்மின் அனுமதி வேண்டும் என்று வைத்து, வாசலில் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்பது: 'உங்களிடம் என்ன கேமரா இருக்கிறது, அதில் என்ன கோளாறு?' சண்டைக்கு வருபவருக்கு இதற்குப் பதில் எழுதப் பொறுமை இருப்பதில்லை.

ஒருவர் மட்டும் எழுதினார், நீளமாக: செலினிய ஒளிமின்கலத்தில் இயங்கும், வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி வலுவிழந்து தவறான அளவு காட்டுவது பற்றி. வரிக்கு வரி, சொல்லுக்கும் வியப்புக்குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்தப் பழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், அந்த 9 பதில்களிலும் இருந்ததுதான். சேர்த்துக்கொண்டேன். ஒளிமானிச் சந்தேகங்களுக்கு இப்போது அவர்தான் பதில் சொல்கிறார். பழைய பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.