உயிரியலும் பிடிக்கும், வேதியியலும் பிடிக்கும்: எதைப் படிப்பது?

கேள்வி: பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப். டாக்டர் ஆசை இல்லை. உயிரியல், வேதியியல் இரண்டையும் ஒரே டிகிரியில் படிக்க முடியுமா? ‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதே’ என்கிறார் மாமா.
– வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். மாமாவின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த இரண்டு பாடமும் அப்படிப் பிரிந்து கிடப்பவை அல்ல. பென்சிலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறில் நான்கு அணுக்கள் சேர்ந்த ஓர் இறுக்கமான வளையம் இருக்கிறது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியிடம் போனதும் அந்த வளையம் உடைந்து நொதியோடு ஒட்டிக்கொள்ளும், சுவர் கட்டும் வேலை நின்று பாக்டீரியா செத்துப்போகும், நம் செல்களுக்குச் சுவரே இல்லை என்பதால் நமக்கு அந்த வகையில் பாதிப்பில்லை. இதில் எது வேதியியல், எது உயிரியல் என்று கோடு போடவே முடியாது!

சரி, எங்கே படிப்பது? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு மேஜர், கூடவே அலைடு பாடம் என்கிற முறைதான், அதில் உங்களுக்கு நெருக்கமானது பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்). டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. லைஃப் சயின்சஸில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றும் உண்டு, சேர பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வான க்யூட் எழுத வேண்டும். ஆனால் நான் முதலில் சொல்வது ஐசர், அதாவது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள். திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்கள் இரண்டுமே பக்கத்து மாநிலங்களில்தான். ஐந்து வருட பி.எஸ்.–எம்.எஸ். படிப்பில் தொடக்கத்தில் எல்லா அறிவியல் பாடங்களையும் கணிதத்தையும் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மேஜரை முடிவு செய்யலாம். நுழைவுத்தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் என நான்கிலும் தலா 15 கேள்விகள். கணிதம் படித்திருக்கிறீர்கள், அது பெரிய பலம், ஏனென்றால் இயற்பிய வேதியியலில் கால்குலஸ் இல்லாமல் திணறுகிறவர்கள் நிறைய.

ஒன்றை மட்டும் இப்போதே யோசியுங்கள். எம்.எஸ்சி. வேதியியலுக்குப் பல இடங்களில் பி.எஸ்சி.யில் வேதியியலே மேஜராக இருக்க வேண்டும் என்பார்கள். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி பக்கம் அந்தச் சிக்கல் குறைவு. மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வின் லைஃப் சயின்சஸ் தாளில் வேதியியல் கட்டாயப் பகுதி, 100க்கு 25 மதிப்பெண், அங்கே உங்கள் கை ஓங்கும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால், நீங்கள் சேரும் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை (வேலைக்குக் கேட்கும் பட்டத்துக்கு அது சமம் என்று அரசு சொல்லும் ஆணை) தேவையா, இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சிலபஸையும் வாங்கி, வேதியியலுக்கு எத்தனை தாள், லேப் எத்தனை மணி நேரம் என்று மாமாவோடு உட்கார்ந்து பாருங்கள்.