‘கப்பிள்’ என்றால் இரண்டுதானா?

தெம்பனிஸ் வாசகர்: எங்கள் மேலாளர் ‘இன் எ கப்பிள் ஆஃப் டேஸ்’ பதில் தருவதாகத் திங்கட்கிழமை சொன்னார். புதன்கிழமை நினைவூட்டியபோது முகம் சுளித்தார். அந்தத் தொடருக்கு இரண்டு நாள் என்பதுதானே பொருள்?

இணைப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ‘கோப்புலா’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘கப்பிள்’ ஆனது என்பதால், அதன் வேரில் இரண்டு என்னும் எண் இருக்கத்தான் செய்கிறது. கணவன் மனைவியைக் குறிக்கும்போது இன்றும் அந்த எண் மாறுவதில்லை. ஆனால் ‘எ கப்பிள் ஆஃப்’ என்று அளவைச் சொல்லும்போது பிடி தளர்ந்து, இரண்டு அல்லது இரண்டுக்குச் சற்று மேல் என்ற பொருள் வந்துவிடுகிறது. நீங்கள் வியாழன் மாலை வரை பொறுத்திருக்கலாம். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அறிவிப்பு எழுதும் நம் சிங்கப்பூரில் இத்தொடரை ‘ஓரிரு நாள்களில்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமாக இருக்கிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ‘ஓரிரு’ ஒன்றிலிருந்து தொடங்கி இரண்டில் நிற்கிறது, ஆங்கிலத் தொடரோ இரண்டிலிருந்து தொடங்கி மேலே போகிறது. ‘இரண்டு மூன்று நாளில்’ என்பதே நெருக்கமானது. மருந்தின் அளவு, பணம் போன்றவற்றுக்கு இத்தொடரைத் தவிர்த்து எண்ணையே எழுதிவிடுங்கள்.

ஈசூன் வாசகி: ‘குவைட் எ ஃபியூ பீப்பிள்’ என்பதை என் மகன் ‘மிகச் சிலர்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தான். பிழை எங்கே?

அத்தொடரின் பொருள் ‘கணிசமானோர்’. ‘குவைட்’ சேர்ந்தவுடன் சிறுமை பெருமையாகிவிடுவது ஆங்கிலத்தின் விந்தைகளுள் ஒன்று. மகனுக்கு முதலில் ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ இரண்டின் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள். கூட்டத்துக்கு ‘ஃபியூ’ வந்தார்கள் என்றால் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற குறை தொனிக்கும். ‘எ ஃபியூ’ என்றால் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற நிறைவு தொனிக்கும். தமிழில் இந்த வேலையை ஏகாரம் செய்கிறது: ‘சிலரே வந்தனர்’ முன்னதற்கும், ‘சிலர் வந்தனர்’ பின்னதற்கும் பொருந்தும். ஆங்கிலம் ‘எ’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்து நிறைவைக் காட்டுகிறது, தமிழ் ஓரெழுத்தைச் சேர்த்துக் குறையைக் காட்டுகிறது என்று சொன்னால், பையன் மறக்கமாட்டான்.

ஜூரோங் வாசகர்: ‘எ நம்பர் ஆஃப் லிஃப்ட்ஸ்’ என்பதற்குப் பின் ‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா?

‘ஆர்’ வரும். அங்கே பேசப்படுபவை மின்தூக்கிகள். ‘த நம்பர் ஆஃப் லிஃப்ட்ஸ்’ என்றால் பேசப்படுவது எண்ணிக்கை என்பதால் ‘இஸ்’ வரும். முதல் தொடருக்குத் தமிழில் ‘பல’ அல்லது ‘சில’ என்று இடமறிந்து எழுதினால் போதும். ‘ஒரு எண்ணிக்கையிலான மின்தூக்கிகள்’ என்பது தமிழே ஆகாது.

பிடோக் வாசகி: இரண்டு டஸன் முட்டைகளை ‘டூ டஸன்ஸ் எக்ஸ்’ என்பது சரியா?

சரியன்று. எண்ணுக்குப் பின் ‘டஸன்’ ஒருமையிலேயே நிற்கும், ‘ஆஃப்’ சேராது: ‘டூ டஸன் எக்ஸ்’. எண்ணாமல் ஏராளம் என்று சொல்லும்போது மட்டும் ‘டஸன்ஸ் ஆஃப் எக்ஸ்’.