கணுக்காலில் கரண்ட் வைத்தால் சிறுநீர்ப்பை எப்படி அடங்கும்?

சிறுநீரை அடக்க முடியாததால் அம்மாவுக்குக் கணுக்காலில் ஊசி வைத்துக் கரண்ட் கொடுக்கச் சொல்கிறார்கள், "பூனையில் சோதித்ததை மனுஷனுக்குச் செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியம்மா இதே சிகிச்சை எடுத்தவர். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பினாங்கு பெர்ரி ஏறவே பயப்படுவார். நடுக்கடலில் முட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்ற கவலை.

கணுக்காலின் உள்பக்கம் ஓடும் நரம்பும் சிறுநீர்ப்பையின் நரம்பும் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. கீழே தட்டினால் மேலே கேட்கும். ஊசி சரியான இடத்தில் இருந்தால் கால் கட்டைவிரல் தானாக மடங்கும். பெரியம்மாவுக்கு மடங்கியதை நானே பார்த்தேன்.

பூனை ஆய்வுகளில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. இடுப்படியில் உள்ள புடெண்டல் நரம்பை விநாடிக்கு 5 முறை தூண்டினால் சிறுநீர்ப்பை அடங்குகிறது. அதே நரம்பை 20 முறைக்கு மேல் தூண்டினால் சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றுகிறது. நரம்பு ஒன்றுதான், தாளம் மாறினால் கட்டளையே மாறிவிடுகிறது! ஆனால் பூனையின் எண்ணை மனிதருக்கு அப்படியே போட முடியாது. கணுக்கால் சிகிச்சையில் வழக்கமாக 20 தான், அது அடக்கவே உதவுகிறது.

கலிபோர்னியாவில் டனாகோ, ஷ்மிட் என்ற மருத்துவர்களின் குழு நாய்களில் செய்த ஆய்வுகளிலிருந்துதான், இதே போல நரம்பைத் தூண்டிச் சிறுநீர்ப்பையை அடக்கும், இடுப்பில் பதிக்கும் கருவி வளர்ந்தது. அமெரிக்கா 1997-இல் அனுமதித்தது.

கணுக்கால் முறை வாரம் ஒருநாள் 30 நிமிடம், 12 வாரம். இரண்டு வாரத்தில் விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.