சீனித்துளசி சேர்த்த கேக் ஏன் எழும்பவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு நீரிழிவு. 200 கிராம் சர்க்கரை போடும் கேக்கில் சர்க்கரையே இல்லாமல், சுத்தமான சீனித்துளசிப் (ஸ்டீவியா) பொடியை ருசி பார்த்துச் சேர்த்தேன். கேக் எழும்பவில்லை. வெளுத்து, ரப்பர் மாதிரி இழுத்தது. நாக்கில் கசப்பும் தங்கியது. பொடி பழசாகிவிட்டதா?

பதில்: பொடியில் குறை இல்லை. கேக் வேகும் 170–180 டிகிரி சூட்டைச் சீனித்துளசிச் சத்து தாங்கும். மாவிலிருந்து 200 கிராம் பொருளை எடுத்துவிட்டு ஒரு கிராம் அளவுக்குத்தான் திரும்பப் போட்டிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது சர்க்கரைப் பரல்கள். ஈரத்தைக் காப்பதும், மைதா இறுகாமல் பார்த்துக்கொள்வதும், மேற்புறத்தைச் சிவக்க வைப்பதும் சர்க்கரைதான். இதில் ஒரு வேலையும் சீனித்துளசிக்குத் தெரியாது.

சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள், முழுக்க எடுக்காதீர்கள். மீதி இனிப்புக்கு, 2 கிராம் சுத்தமான பொடியை 100 மில்லி வெந்நீரில் கரைத்து வையுங்கள். சுத்தமான சத்து சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ஆகவே இந்தக் கரைசல் 10 மில்லி, சுமார் 50 கிராம் சர்க்கரைக்குச் சமம். உங்கள் கேக்குக்கு 20 மில்லி போதும். டீஸ்பூனால் பொடியை அள்ளினால் அளவு கண்டிப்பாகத் தப்பும், கசப்பு வருவதும் அதனால்தான். சர்க்கரை குறைந்ததால் போன பருமனை ஈடுகட்ட 60 கிராம் கெட்டித்தயிரோ, இனிப்பில்லாத ஆப்பிள் விழுதோ சேருங்கள். முட்டை வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்தால் காற்று கிடைக்கும். நிறம் வரட்டும் என்று ஓவனில் விட்டுவைக்காதீர்கள், காய்ந்துவிடும். வழக்கமான நேரத்துக்குப் 10 நிமிடம் முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள்.

இனி பாக்கெட் விஷயம். முன்பக்கம் பச்சை இலையும் 'சீனித்துளசி' என்ற பெரிய எழுத்தும் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமானதுதான் அதில் முதலில் வரும். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று தொடங்கினால் வாங்காதீர்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேதான். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி, ரத்தத்தில் அதே வேகத்தில் ஏறும். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் குறைந்தால் பூஜ்யம் என்று அச்சடிக்கலாம். ஒரு கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 4 கலோரி, ஆகவே பூஜ்யம். கேக்குக்கு 24 பொட்டலம் கொட்டினால் 90 கலோரிக்கு மேல். நீரிழிவு உள்ளவர் நம்பி வாங்கும் பொருளில் இதை அனுமதிக்கும் விதியை ஏன் இன்னும் திருத்தவில்லை? 'இலையை அப்படியே அரைத்தது, சர்க்கரை நோயே போய்விடும்' என்று பைகளில் அடைத்து விற்கும் இடைத்தரகர்களிடமும் போகாதீர்கள். உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் அளவு வகுத்தது 95 சதவீதம் சுத்திகரித்த சத்துக்கு. பச்சை இலைப்பொடிக்கு அல்ல.

ஒரே விலக்கு, எரித்ரிட்டால் (சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பு) கலந்த பாக்கெட். சர்க்கரை அளவுக்குச் சமமாகப் போடலாம் என்று அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, பருமனும் தரும். ஆனால் ஈரத்தைப் பிடிக்காது. ஆறியபின் மறுபடி பரலாகி நறநறக்கும், நாக்கில் குளிர்ச்சி தட்டும். நைசாக அரைத்துச் சலித்துப் போடுங்கள், தயிரைக் குறைக்காதீர்கள், அன்றே சாப்பிட்டுவிடுங்கள். கேக்குக்கு இது சரி; மொறுமொறு பிஸ்கட்டுக்கும் பாகுக்கும் வேண்டாம்.

அப்பாவுக்குக் கொடுக்கும்போது மாவைக் கணக்கில் எடுங்கள். 200 கிராம் மைதாவில் சுமார் 150 கிராம் மாவுச்சத்து. கேக்கைப் 12 துண்டாக வெட்டினால், ஒரு துண்டில் 8 கிராம் சர்க்கரை. மாவுச்சத்தோ 12 கிராமுக்கு மேல்.