லாகின் செய்தால் வருகை ஆகுமா? ஆன்லைன் கல்லூரிப் படிப்பு: கேள்வி பதில்

ஆன்லைனில் கல்லூரிப் பாடம் எடுத்துப் படிப்பவர்களுக்கான உதவிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆன்லைன் படிப்பில் சிலபஸ் என்பது வெறும் பாடத் தலைப்புகளின் பட்டியல் இல்லை. கெடு, வருகை, தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பெண் குறையும், யாரிடம் முறையிடுவது, எல்லாம் அதில்தான் இருக்கும். நான் சொல்லப்போவதில் பாதி உங்கள் சிலபஸிலேயே இருக்கலாம்.

அக்கா, தினமும் லாகின் செய்தேன். மூன்றாவது வாரம் "வருகை இல்லை" என்று மெயில் வருகிறது. என்ன நியாயம்?

லாகின் என்பது கல்லூரி வாசல் வரை வந்து நின்ற மாதிரி. உள்ளே வந்து உட்கார்ந்ததாக ஆகாது. க்விஸ் எழுதுவது, அசைன்மென்ட் போடுவது, விவாதப் பகுதியில் பாடத்தைப் பற்றி எழுதுவது, ஆசிரியரிடம் பாடச் சந்தேகம் கேட்பது, இவற்றைத்தான் பெரும்பாலும் வருகையாக எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகை விதிகளிலேயே இது இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவர் கடைசியாக எந்தத் தேதி வரை வந்தார் என்று பார்க்கும்போது, வெறும் லாகின் செல்லாது.

முதல் வாரம் இன்னும் முக்கியம். "உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு பதிவு போடச் சொல்வார்களே, அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பல இடங்களில் அதை வைத்துத்தான் நீங்கள் பாடத்தைத் தொடங்கினீர்களா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். செய்யாதவர் பெயரை அடித்துவிடுவதும் உண்டு.

கெடு ஞாயிறு இரவு 11:59. நான் 11:58க்கு சப்மிட் அழுத்தினேன். தாமதம் என்று காட்டுகிறது.

பெரும்பாலும் நீங்கள் அழுத்திய நேரம் கணக்கில்லை, ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு. பெரிய வீடியோ ஃபைல் என்றால் அந்த நீலக்கோடு ஊர்ந்து முடிவதற்குள் திங்கட்கிழமை பிறந்துவிடும்.

வேறு நாட்டுக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால் 11:59 என்பது யாருடைய 11:59 என்று பாருங்கள். உங்கள் ப்ரொஃபைலில் நேர மண்டலம் தப்பாக இருந்தால் திரையில் தெரியும் நேரமே தப்பாக இருக்கும். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகள் வேறு இருக்கின்றன. கல்லூரி அப்படிப்பட்ட நாட்டில் இருந்து, நீங்கள் இருக்கும் நாட்டில் அந்த வழக்கமே இல்லை என்றால், மார்ச் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று உங்கள் கெடு ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்கும். ஒரு செமஸ்டர் பாக்கியில்லாமல் இந்தக் கதையோடு யாராவது வருவார்கள்.

அப்புறம், போட்டு முடித்ததும் உங்கள் ஃபைலை நீங்களே ஒருமுறை இறக்கித் திறந்து பாருங்கள். கட்டுரைக்குப் பதில் டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு ஒரு கேபி. ஆசிரியர் திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது.

மொபைலிலேயே முழுப் படிப்பையும் முடிக்க முடியுமா?

வீடியோ பார்க்கலாம், விவாதத்தில் எழுதலாம். வெப்கேம் வழியே மென்பொருள் உங்களைக் கண்காணிக்கும் தேர்வு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் கணினியைத்தான் கேட்கும்.

தேர்வுக்கு முன் வெப்கேமைச் சுற்றிப் பிடித்து அறை முழுவதையும் காட்டச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

எரிச்சல் புரிகிறது. நான் உங்கள் பக்கம்தான். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், க்ளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஒரு மாணவரின் அறையை இப்படிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு முரணான சோதனை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது அரசுப் பல்கலைக்கழகம், வழக்கு அந்த நாட்டுச் சட்டப்படி நடந்தது. அதைக் காட்டி உங்கள் கல்லூரியில் சண்டை போட முடியாது.

தேர்வு நாளன்று மறுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். பாடம் தொடங்கியதுமே எழுதிக் கேளுங்கள்: நேரில் எழுத மையம் உண்டா, கல்லூரி நூலகத்தில் எழுதலாமா, தேர்வின் வீடியோ பதிவு எத்தனை நாள் வைத்திருக்கப்படும்? ஒத்திகைத் தேர்வு ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைத் தவறாமல் எழுதுங்கள். கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். உதடு அசைந்தால் பக்கத்தில் யாரோ இருப்பதாக மென்பொருள் சந்தேகக் கொடி காட்டலாம். கொடி என்றால் குற்றம் இல்லை, ஒரு மனிதர் பிறகு அதைப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

வேலை அதிகம். க்விஸை மட்டும் தம்பி என் பாஸ்வேர்டில் எழுதலாமா?

கூடாது. சேர்ந்தவரும் எழுதுபவரும் ஒரே ஆள்தானா என்று உறுதிசெய்ய வேண்டியது கல்லூரியின் கடமை. அமெரிக்காவில் 2008 முதல் இது சட்டம். பிடிபட்டால் தம்பி தப்பிவிடுவான், நீங்கள் தப்ப முடியாது.

கட்டுரை 34 சதவீதம் ஒத்துப்போகிறது என்று காப்பி பார்க்கும் மென்பொருள் காட்டுகிறது. காப்பி அடிக்கவே இல்லை, சத்தியமாக.

நம்புகிறேன். அந்த எண் திருட்டின் அளவு இல்லை, வேறெங்கோ இருக்கும் வரிகளோடு ஒத்துப்போகும் அளவு. மேற்கோள்கள், கடைசியில் வரும் நூற்பட்டியல், ஆசிரியர் கொடுத்த கேள்வித்தாள் வரிகள், எல்லாம் சேர்ந்தே எண் ஏறும். அறிக்கையைத் திறந்து எந்த வரியில் வண்ணம் பூசியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு முழுப் பத்தி ஒரே வண்ணத்தில் இருந்தால்தான் யோசிக்கவேண்டும். பத்து சதவீதம்தான், கவலை இல்லை என்றும் இருக்காதீர்கள். அந்தப் பத்தும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் வம்பு.

கட்டுரை எழுத ஏஐ உதவியை எடுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரே கல்லூரியில் ஒரு ஆசிரியர் அனுமதிப்பார், அடுத்தவர் தடை செய்வார். பாடத்துக்குப் பாடம் பார்க்கவேண்டும். வரைவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். எழுதியது நீங்கள்தான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கவேண்டும்? "உங்கள் வசதிப்படி படியுங்கள்" என்று போட்டிருந்தார்களே.

வசதி நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான், அளவில் இல்லை. க்ரெடிட் என்பது ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்று சொல்லும் அலகு. அமெரிக்க முறையில் ஒரு க்ரெடிட் என்றால் வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி சொந்தப் படிப்பு, சுமார் 15 வாரம். மூன்று க்ரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம். அதே பாடத்தை 8 வாரத்தில் முடிக்கும் வகுப்பில் சேர்ந்தால் வாரம் கிட்டத்தட்ட 17 மணி. ஐரோப்பிய க்ரெடிட் கணக்கு வேறு: ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம். முழுநேர வேலை பார்த்துக்கொண்டு எட்டு வாரப் பாடம் இரண்டை ஒரே சமயத்தில் எடுக்காதீர்கள், ப்ளீஸ்.

எனக்குத் தேர்வில் கூடுதல் நேரம் அனுமதி உண்டு. போன செமஸ்டரில் கிடைத்தது, இந்த முறை க்விஸ் 60 நிமிடத்தில் மூடிக்கொண்டது.

பெரும்பாலான இடங்களில் அனுமதிக் கடிதத்தை ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாக ஆசிரியருக்கு அனுப்பவேண்டும். அவர் உங்கள் பெயருக்கு மட்டும் 60ஐ 90 என்று கையால் மாற்றவேண்டும், தானாக நடக்காது. முதல் க்விஸ் திறந்ததும் தொடங்கும் முன் நேரத்தைப் பாருங்கள். குறைவாக இருந்தால் அழுத்தாதீர்கள், மெயில் போடுங்கள். முடிந்துபோன தேர்வுக்குப் பின்னோக்கி நேரம் வாங்குவது கஷ்டம்.

ஆசிரியருக்கு மெயில் போட்டு மூன்று நாள். பதிலே இல்லை.

எந்த முகவரியிலிருந்து போட்டீர்கள்? சொந்த மெயிலிலிருந்து மதிப்பெண் பற்றிக் கேட்டால் பலர் பதில் தரமாட்டார்கள், அது நீங்கள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்லூரி மெயிலிலிருந்து, தலைப்பில் பாடக் குறியீட்டோடு மறுபடி அனுப்புங்கள். எத்தனை நாளில் பதில் வரும் என்று சிலபஸில் போட்டிருப்பார், சனி ஞாயிறு அதில் சேராது. அதுவும் தாண்டிவிட்டால் அந்த மெயிலையே துறைத் தலைவருக்கு அனுப்புங்கள்.