உஷா என்ன பெரிதாகச் சாதித்துவிட்டார்?

கேள்வி: பி.டி. உஷா ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை. அவரைப் போய் 40 வருஷமாகக் கொண்டாடுகிறோமே, கொஞ்சம் ஓவராக இல்லையா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: 2024 பாரிஸ் வரை தடகளத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய இந்தியப் பெண் ஒருவர்கூடக் கிடையாது. உங்கள் கணக்குப்படி யாரையுமே கொண்டாட முடியாது, சரியா?

1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். உஷாவும் அந்த ஓட்டத்துக்குப் புதுசு. வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கொஜொகாருவுக்கு 55.41 நொடி, உஷாவுக்கு 55.42. அங்கே கிடைத்த சாப்பாடு ஒத்துவராமல் அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமாகச் சமாளித்ததாகவும், கடைசி 35 மீட்டரில் அது காலை வாரிவிட்டதாகவும் பின்னாளில் அவரே சொன்னார். கஞ்சியைக் குடித்துவிட்டு உலகத்தில் நாலாவது!

அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் 100, 200, 400, 400 தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என்று 5 தங்கம். 100 மீட்டர் ஓடுகிற கால் வேறு, 400 மீட்டரில் தடை தாண்டுகிற மூச்சு வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம். 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்திக்கொண்டார்.

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, அது வேறு. அந்த 55.42ஐ ஓர் இந்தியப் பெண் எட்டிப்பிடிக்க 39 வருஷம் ஆனது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவை வித்யா ராம்ராஜ், ஓர் ஓட்டுநரின் மகள், அதே 55.42 ஓடினார். சமன்தான் செய்தார், முறியடிக்கவில்லை. இத்தனை வருஷம் நிலைத்தது உஷாவுக்குப் பெருமை. விளையாட்டை நிர்வகித்தவர்களுக்கு? கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் இந்தப் பெண்ணைக் கண்டெடுத்த பயிற்சியாளர் நம்பியாருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கவே 2021 ஆகிவிட்டது. அதே வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். சிஷ்யைக்கோ 1985லேயே கொடுத்துவிட்டார்கள்.

2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகார் சொல்லித் தெருவில் உட்கார்ந்தபோது, இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக உஷா அதை ஒழுங்கீனம் என்றார். அப்புறம் நேரில் போய்ப் பார்த்தார் என்றாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சி. ஓட்டத்தில் குறை சொன்னால் வரமாட்டேன்.