அறை முழங்கினால் மைக் என்ன செய்யும்?

கேள்வி: நான் பாரிஸில் பிறந்து வளர்ந்தவன், வயது 22. ஓராண்டு தங்கிப் பாட்டெழுதலாம் என்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாட்டி வீட்டு மாடியறைக்கு வந்திருக்கிறேன். பத்துக்குப் பத்தடி அறை, மொசைக் தரை. கிட்டார், டைனமிக் மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப் இருக்கின்றன. அறை நடுவில் உட்கார்ந்து பதிவு செய்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. கிட்டாரின் ஐந்தாவது கம்பியைத் தொட்டாலே ‘கும்’ என்று முழங்குகிறது. கண்டென்சர் மைக் வாங்கினால் சரியாகுமா? பதிவுகளை லியோனில் உள்ள நண்பருக்கு அனுப்பி வயலின் சேர்க்கவும் விருப்பம்.

பதில்: சரியாகாது. கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலியையும் விடாமல் பிடிப்பது. உங்கள் அறையில் அது சுவர்களின் எதிரொலியையும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்தே பிடிக்கும். குற்றம் மைக்கிடம் இல்லை, நீங்கள் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்கள் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 57 அதிர்வு) அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸிலும் ஒலியைத் தேக்கிப் பெருக்கும். ஐந்தாவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழும் சுரம் 110 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். அறை சதுரமாக இருப்பதால் இரண்டு சோடிச் சுவர்களும் ஒரே சுரத்தை ஊதிவிடுகின்றன. இந்த 114 ஹெர்ட்ஸ் முழக்கம் சுவரோரத்திலும் அறையின் நட்டநடுவிலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால்பங்குத் தொலைவில், அதாவது இரண்டரை அடியில், மிகவும் தணிந்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்ட நீங்கள் அறியாமலே மிக மோசமான இடத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வீட்டில் யாரையாவது அந்தக் கம்பியை மீட்டச் சொல்லி, மைக்கைக் கையில் பிடித்தபடி சுவரிலிருந்து நடுவறை நோக்கி மெல்ல நடந்து பாருங்கள். முழக்கம் இளைத்துப்போகும் இடம் காதுக்கே தெரியும். ஒரு மூலையில் சேரும் இரண்டு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி அங்கேயே ஸ்டாண்டை நிறுத்துங்கள். மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைக்காமல், பன்னிரண்டாவது ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பார்த்தபடி ஒரு சாண் தொலைவில் வையுங்கள். அதைவிட நெருங்கினால் டைனமிக் மைக் அடித்தொனியைத் தானாகவே கூட்டிவிடும்.

கிணற்றுக்குரலுக்கு மருந்து பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தைதான். மைக் உங்களை நோக்கியிருப்பதால் அது கேட்பது உங்கள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்கூட. எனவே மெத்தையை அங்கே, சுவரிலிருந்து ஓரிரு சாண் விலக்கி நிமிர்த்தி வையுங்கள், தரையில் கனத்த ஜமக்காளம் விரியுங்கள். முட்டை அட்டைகளை ஒட்டுவது இங்கே பலர் செய்யும் வேலை. அதனால் இந்த அடித்தொனி சற்றும் அசையாது, பல்லி குடியேறுவதுதான் மிச்சம்.

பாடும் நான்கு நிமிடத்துக்கு ஃபேனை நிறுத்தித்தான் ஆகவேண்டும். கடைகள் ஷட்டரை இறக்கிவிடும் மதிய நேரமோ, இரவு பதினொன்றுக்குப் பின்போ தெரு ஓரளவு அடங்கும். மெல்லிய ரீங்காரம் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முதலில் கிட்டாரையும், பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி குரலையும் தனித்தனியாகப் பதியுங்கள். பதிவு மென்பொருள் காட்டும் ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். 24 பிட் என்னும் நுண்ணிய தரத்தில் பதியும்போது அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை.

நண்பருக்கு எம்பி3 அனுப்பாதீர்கள். அந்த வடிவம் தொடக்கத்தில் நூலளவு மௌனத்தைச் சேர்த்துவிடுவதால் வயலின் தாளம் நழுவும். இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு (ஒலியைச் சுருக்காத வடிவம்) என்று பேசி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி அனுப்புங்கள்.

இன்னொன்று, இது கடற்கரை ஊர். கண்டென்சர் மைக்கின் மெல்லிய சவ்வில் ஈரம் ஏறினால் ‘படபட’ என்று வெடிக்கும். அவசரப்பட்டு வாங்கவேண்டாம் என்பதற்கு அதுவும் காரணம். பாரிஸின் சூடேற்றிய அறைகளில் உலர்ந்து பழகிய கிட்டார் மரமும் இங்கே ஈரம் குடித்து உப்பும், கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு உயரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் உறைப்பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து, உள்ளே ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கிறதா என்று ஒரு சிறிய ஈரமானியால் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.